கீபோர்டு மேல் போட்ட துண்டு

அந்த அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கம்ப்யூட்டரில் இருக்கும் வீடியோ சாஃப்ட்வேரின் பழைய வெர்ஷனை மாற்ற வேண்டாம் என்றார். அது இருக்கிற வரைக்கும் அவருக்கு வேலை இருக்கும், அவரும் அவர் அம்மாவும் சாப்பிடுவார்கள். இது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. நான் மாற்றினேன். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, அலுத்துப்போய் மாற்றினேன். இத்தனை வருஷம் கழித்தும் அந்த அலுப்பைத்தான் சாக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. காந்திபுரத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குக் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். தை, வைகாசி, ஆவணி என்றால் எங்களுக்கு வீடு வாசல் கிடையாது. இன்றைக்குச் சென்னிமலை, நாளைக்கு மேட்டுப்பாளையம், அடுத்த நாள் பல்லடம். தோளில் கேமரா, கையில் லைட்டு ஒயர், வயிற்றில் எந்த ஊருக்குப் போனாலும் அதே பந்திச் சாப்பாடு. ஒரு சீசன் முடிவதற்குள் மாப்பிள்ளைகள் எல்லாரும் ஒரே மாப்பிள்ளையாகத் தெரிய ஆரம்பித்துவிடுவார்கள். எடுத்த கேசட்டைக் கொண்டுபோய் மிக்ஸிங்குக்குக் கொடுக்க வேண்டும். வேண்டாததை வெட்டி, பாட்டுப் போட்டு, பொண்ணு மாப்பிள்ளை பேரைப் பறக்கவிட்டு மூன்று மணி நேரக் கேசட்டாக ஆக்குவதற்கு எங்கள் தொழிலில் மிக்ஸிங் என்று பெயர். எங்களுக்கு அதைச் செய்து கொடுத்தவர் ரத்தினபுரியில் ஒரு சந்துக்குள் இருந்த அந்த அக்கா.

நாற்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். அதற்கு முன்னால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பதினைந்து வருஷம் சொல்லிக்கொடுத்தவர். இன்ஸ்டிடியூட்டை மூடியதும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, வீடியோவை உள்ளே ஏற்றுகிற கார்டு ஒன்றையும் போட்டுக்கொண்டு, மிக்ஸிங்கைத் தானே பழகிக்கொண்டார்.

முதல் தடவை நான் போனபோது கீபோர்டின் மேல் ஈரிழைத் துண்டு ஒன்று விரித்திருந்தது. அவருடைய இரண்டு கையும் துண்டுக்கு அடியில் இருந்தன. உள்ளே எலி புகுந்தது மாதிரி துண்டு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"என்னங்க்கா, கைக்குக் குளிருதுங்களா?" என்று கேட்டேன்.

"டைப்பிங்ல மொத நாளே இதைத்தானுங்க தம்பி சொல்லிக் குடுப்போம். கையைப் பாக்காதீங்க. பாத்தீங்கன்னா வெரலு சோம்பேறியாப் போயிரும்."

'பாக்காதீங்க' என்பது அந்த வீட்டில் எல்லா வேலைக்கும் பொதுவான சட்டம். பீன்ஸ் நறுக்கும்போது சுவரைப் பார்த்தபடி நறுக்குவார். ஒவ்வொரு துண்டும் அளந்து வைத்தது போல விழும். காப்பியை டம்ளரில் ஊற்றும்போது முகம் ஜன்னல் பக்கம் இருக்கும். டம்ளர் நிறைய நிறையச் சத்தம் மாறுமாம். சரியாகக் கழுத்தளவில் நிறுத்திவிடுவார், ஒரு சொட்டு கீழே போகாது. மல்லிகைப்பூக் கட்டுவதும் அப்படித்தான். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "சுவத்துல என்னங்க்கா படம் ஓடுது, அப்படிப் பாக்கறீங்க?" என்றேன்.

"நீங்க எடுத்த படந்தானுங்க. அதான் ஓடவே மாட்டீங்குது" என்றார்.

இந்த மாதிரி வாய் அவருக்கு. நான் காப்பியைக் குடிப்பேன்.

அவர் அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது. ஆனால் வாசலை விட்டு நகர மாட்டார். நான் மொபெட்டை நிறுத்துவதற்குள், "அம்மணீ, கேமராத் தம்பி வந்துருக்குது! நீலச் சட்டை! கையில ரெண்டு கேசட்டு!" என்று சந்துக்கே கேட்கிற மாதிரி உள்ளே கத்துவார். காது கேளாதவர்கள் சத்தமாகப் பேசுவது சகஜம்தானே என்று விட்டுவிட்டேன். என் சட்டையின் நிறம் எதற்கு என்று ஒரு தடவையாவது யோசித்திருக்கலாம்.

கேசட்டோடு ஒரு தாளும் கொடுப்பேன். எத்தனையாவது நிமிஷத்தில் சீர், எத்தனையாவது நிமிஷத்தில் தாலி, தலைப்புக்கு எந்த இடத்துப் படம் என்று நம்பர் போட்டு எழுதியிருப்பேன். அக்கா அதைக் கையில் வாங்கி அப்படியே எனக்குத் திருப்பி நீட்டுவார்.

"ஒருக்கா நீங்களே படிச்சிருங்க தம்பி. உங்க எழுத்து கோழி கிளறுனாப்ல இருக்குது."

என் எழுத்து அப்படி ஒன்றும் மோசமில்லை. இருந்தாலும் படிப்பேன். நம்பர் அத்தனையையும் ஒரே தடவையில் மனசுக்குள் வாங்கிக்கொள்வார், மறுபடி கேட்க மாட்டார். பழைய வெர்ஷனில் எல்லாவற்றையும் கீபோர்டிலேயே செய்யலாம். நம்பரை அடித்தால் படம் அந்த இடத்தில் போய் நிற்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் வெட்டும், இன்னொன்றை அழுத்தினால் ஒட்டும். பூ விரிகிற எபெக்ட் வேண்டுமென்றால் கீழ் அம்பை எட்டுத் தடவை தட்ட வேண்டும், இதயத்துக்குப் பதினொன்று. அக்கா துண்டுக்கு அடியில் தட்டுவது மழைத்தூறல் மாதிரி கேட்கும். எந்த இடத்தில் வெட்டுவது என்பதைக் காதாலேயே பிடித்துவிடுவார். மேளம் மாறுகிற இடம், மங்கல வாழ்த்துப் பாட ஆரம்பிக்கிற இடம், பந்தியில் தண்ணீர் கேட்கிற இடம் எல்லாம் அவருக்கு அத்துபடி. அவர் வெட்டிய இடத்தில் தாளம் தப்பி நான் கேட்டதில்லை.

இப்படி இருந்தவரைத்தான் நான் நச்சரிக்க ஆரம்பித்தேன்.

காரணம் எங்கள் முதலாளி. வேறொரு ஸ்டுடியோக்காரர் போட்ட கேசட்டை எங்கேயோ பார்த்துவிட்டு வந்தார். ஆரம்பத்திலேயே ஒரு சங்கு சுற்றிக்கொண்டு வருமாம், சங்கு திறந்து உள்ளேயிருந்து இதயம் வருமாம், இதயத்துக்குள் பொண்ணும் மாப்பிள்ளையும் சிரிப்பார்களாம். "நம்ம கேசட்டுல இன்னும் பூ விரிஞ்சுட்டே இருக்குதே, எப்பத்தானப்பா காய்க்கும்?" என்றார். சங்கு வேண்டுமென்றால் புது வெர்ஷன் வேண்டும். சென்னையிலிருந்து சிடியும் வரவழைத்துவிட்டார்.

எனக்கும் சொந்தமாக ஒரு காரணம் இருந்தது. பழைய வெர்ஷனில் கால் மணி நேரத்துக்கு மேல் படம் ஏறாது. ஒரு கல்யாணத்தைத் துண்டு துண்டாகத்தான் செய்ய வேண்டும், ஒவ்வொரு துண்டு முடிந்ததும் நான் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்பது அக்காவின் கண்டிப்பு. புதியதில் முழுக் கல்யாணமும் ஒரே மூச்சில் ஏறிவிடும். நான் ரத்தினபுரிக்கு நாய் மாதிரி அலைய வேண்டாம். சங்கை விட எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது.

"ஏனுங்க்கா, ஒருக்காப் போட்டுத்தான் பாருங்களேன். புதுசு நல்லா இருக்குதுங்க."

"நல்லாத்தானுங்க இருக்கும். யாரு இல்லைன்னா?"

"பொறவென்ன?"

"எனக்கு இது போதுமுங்க."

"எல்லாரும் மாறிட்டாங்க்கா."

"எல்லாரும் மாறட்டுமுங்க. இத மட்டும் மாத்த வேண்டாமுங்க தம்பி. கேட்டுக்கறேன்."

அந்தக் 'கேட்டுக்கறேன்' வந்தபோதே நான் நிறுத்தியிருக்க வேண்டும். டைப்ரைட்டிங் டீச்சருடைய பிடிவாதம் என்று நினைத்தேன். போகிற வழியெல்லாம் மொபெட்டோடு பேசிக்கொண்டு போனேன். வயசு நாற்பதுதான் ஆகிறது, அதற்குள் இந்த அடமா, இவருக்குப் பயந்து நான் எத்தனை நாள் அலைவது என்று ஒரே எரிச்சல்.

வைகாசி முகூர்த்தங்கள் எல்லாம் முடிந்து ஏழு கல்யாணம் அவர் கம்ப்யூட்டரில் பாதி வேலையில் கிடந்தன. ஒரு நாள் காலையில், முடிந்த படத்துண்டு ஒன்றைப் பார்க்கப் போனேன். அம்மாவுக்குக் காதைக் காட்ட ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். "பாத்துட்டு இருங்க தம்பி, மத்தியானத்துக்குள்ள வந்தர்றோம்" என்று என்னை நம்பி வீட்டை விட்டுவிட்டுப் போனார்கள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு சந்தில் நடந்தார்கள். வயசான அம்மாவை அக்கா எவ்வளவு பத்திரமாகக் கூட்டிக்கொண்டு போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். யார் யாரைக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

சிடி என் பையிலேயே இருந்தது. போட்டேன். பழையதை எடுத்துவிடட்டுமா என்று கேட்டது, ஆமாம் என்றேன். அப்புறம் ஏழு கல்யாணத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். புதிய முறையில் மாற்றி வைக்கட்டுமா என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டது. ஏழு தடவையும் ஆமாம் என்றேன். எல்லாம் அழகாகத் திறந்தன. அக்கா வந்து பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று மனசார நம்பினேன். அதுதான் இன்றைக்கும் என்னை அறுக்கிறது.

வந்தார். முகம் கழுவிவிட்டு உட்கார்ந்தார். துண்டை எடுத்து விரித்தார், கை உள்ளே போனது. தட்டினார். ஒன்றும் நகரவில்லை. மறுபடி தட்டினார். கம்ப்யூட்டர் 'டொங்' என்று ஒரு சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தை அந்த வீட்டில் அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

"என்ன பண்ணுனீங்க தம்பி?"

உற்சாகமாகச் சொன்னேன். இனிமேல் நம்பர் அடிக்கத் தேவையில்லை, எல்லாம் குட்டிக் குட்டிப் படமாக வரிசையாக நிற்கும், வேண்டிய படத்தை மவுஸில் பிடித்து இழுத்துப் போட்டால் போதும், குழந்தை கூடச் செய்யலாம் என்றெல்லாம் அளந்தேன். அக்கா திரையின் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார்.

"பழசை வெச்சிருக்கீங்களா?"

"எடுத்துப்போட்டேனுங்க. எடம் பத்துலீங்க."

 அக்காவின் கைகள் இரண்டும் துண்டுக்கு அடியிலேயே இருந்தன. "சரிங்க. பழகிக்கறேன்" என்றார். நான் ஜெயித்துவிட்ட மாதிரி வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு நாலைந்து தடவை போனேன். துண்டு மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. அக்கா மவுஸைப் பிடித்துக்கொண்டு, திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. பேச்சு குறைந்துபோயிற்று. காப்பி மட்டும் அதே கழுத்தளவில் வந்தது. புதுசில் ஊறிப்போய்விட்டார் என்று முதலாளியிடம் பெருமையாகச் சொன்னேன்.

பல்லடத்துக் கல்யாணக் கேசட் ஆடி நோம்பிக்கு ஒரு வாரம் முன்பு தயாரானது. புதியதில்தான் துண்டு துண்டாகப் பார்க்கிற வேலை இல்லையே என்று நான் போட்டுப் பார்க்காமலே கொடுத்துவிட்டேன். ஆடி முதல் தேதி வருகிற அந்தப் பண்டிகைக்குப் புது மாப்பிள்ளையையும் பெண்ணையும் பெண் வீட்டில் அழைத்து விருந்து வைப்பார்கள். அந்த விருந்தில் கல்யாணக் கேசட் போட்டுப் பார்ப்பது அப்போது எல்லா வீட்டிலும் வழக்கம். அந்த வீட்டில் சொந்தபந்தம் நாற்பது பேர் உட்கார்ந்திருக்க, சங்கு சுற்றிக்கொண்டு வந்தது. திறந்தது. இதயம் வந்தது. இதயத்துக்குள் மாப்பிள்ளையும் மாப்பிள்ளையின் தங்கையும் நின்றார்கள்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவருடைய உடன்பிறந்தவளைப் பட்டும் நகையும் பூவுமாக நிறுத்தி, கூறைச்சேலையின் ஒரு முனையை அவரிடமும் மறுமுனையை அவளிடமும் கொடுத்துச் செய்கிற சீர். வெளியூர்க்காரர் யாராவது பார்த்தால் அதுதான் பொண்ணு என்று சத்தியம் செய்வார்கள். ஆனால் அக்கா வெளியூர்க்காரர் இல்லை. ஆயிரம் இணைச்சீரை வெட்டி ஒட்டியவர். அதனால்தான் என்னால் நம்ப முடியவில்லை.

மூன்றாம் நாள் அந்தத் தங்கையே ஸ்டுடியோவுக்கு வந்தார். பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் குடும்பம். முப்பது வயசு இருக்கும், நல்ல உயரம். வந்த வேகத்தில் கண்ணாடிக் கதவு இரண்டு தடவை ஆடியது. முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மிக்ஸிங் செய்தது யார் என்று பார்க்காமல் போக மாட்டேன் என்றார் அந்தப் பெண். வேறு வழியில்லாமல் ஆட்டோவில் ஏற்றி ரத்தினபுரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அன்றைக்கு அக்காவின் அம்மா வாசலில் இல்லை, கடைக்குப் போயிருந்தார். யார் வருகிறார்கள் என்று உள்ளே சொல்ல ஆள் இல்லை.

"நாந்தானுங்க்கா" என்றேன்.

"வாங்க தம்பி, உக்காருங்க" என்றார் அக்கா. கூட வந்த பெண்ணை வாங்க என்று சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"ஏனுங்க, ஊட்டுக்கு வந்தவளை வாங்கன்னு சொல்ல மாட்டீங்களா? எம்பொறந்தவங்கூட என்னையக் கொண்டுபோயி ஹார்ட்டுக்குள்ள வெச்சுப்போட்டீங்களே, ஊரே கெக்கெக்கேன்னு சிரிக்குதுங்க! கட்டிட்டு வந்தவ மூணு நாளா அழுதுட்டுக் கெடக்கறா. உங்களுக்குப் பொண்ணு யாரு, மாப்பிள்ளையோட பொறந்த நங்கை யாருன்னு தெரியாதுங்களா?"

அக்கா சட்டென்று எழுந்துவிட்டார். "வாங்க, வாங்க. தப்பாப் போச்சுங்களா?" என்றார்.

அந்தப் பெண் கைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். பொண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு நிற்கிற படம். "இதப் பாருங்க. இதுல யாரு பொண்ணுன்னு சொல்லுங்க."

அக்கா வாங்கினார். இரண்டு கையாலும் பிடித்து முகத்துக்கு நேராகக் கொண்டுபோனார். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, "லச்சணமா இருக்குதுங்க பொண்ணு" என்றார்.

போட்டோ தலைகீழாக இருந்தது.

  அந்தப் பெண் கிட்டே போய், அக்காவின் கையிலேயே போட்டோவை மெதுவாகத் திருப்பி நேராக வைத்தார். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. கையைக் கீழே இறக்கிக்கொண்டார்.

"அம்மணி, உங்களுக்குக் கண்ணு தெரியறதில்லீங்களா?"

மூன்று வருஷமாக வாரத்துக்கு இரண்டு தடவை போய்க் காப்பி குடித்தவன் நான். கோபமாக வந்த ஒருவர் அஞ்சே நிமிஷத்தில் கேட்டுவிட்டார்.

"வெளிச்சந் தெரியுமுங்க. நெறந் தெரியும். ஆளு நிக்கறது தெரியும், மூஞ்சி தெரியாது" என்றார் அக்கா. "நரம்பு வாடிப்போச்சுன்னு சொல்லிட்டாங்க. நாலஞ்சு வருசம் ஆச்சு. செவப்புச் சேலை, மாலை, ரெண்டு பேருக்கும் நடுவுல துணி. அத வெச்சுத்தானுங்க இது பொண்ணுன்னு எடுத்துப்போட்டேன். பழசுல நம்பர் இருக்கும். இதுல அல்லாம் சின்னச் சின்னப் படமா இருக்குதுங்க."

நாலைந்து வருஷம். நான் அங்கே போக ஆரம்பித்து மூன்று வருஷம். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"உங்க மூஞ்சியும் நான் பாத்ததில்லீங்க தம்பி."

"ஏனுங்க்கா எங்கிட்டச் சொல்லுல?" என்று கேட்டேன். கேட்கும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

"சொன்னா வேலை குடுத்திருப்பீங்களா?"

பல்லடத்துப் பெண் சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கோபம் எங்கே போனதென்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவளுக்காவது ஒண்ணு சரியாச் செஞ்சு குடுங்க. சின்னப் பொண்ணுங்க, பாவம்" என்றார். அப்புறம், "இந்தக் கேசட்டை நானே வெச்சுக்கறனுங்க. எங்கண்ணங்கூட நான் நின்ன படம் வேற எங்க இருக்குது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அக்காவும் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மறுநாளே பழைய வெர்ஷனின் சிடியைத் தேடிப் பிடித்துப் போட்டேன். அது பழையபடி ஓடியது. ஏழு கல்யாணத்தில் ஒன்று கூட அதில் திறக்கவில்லை. புதியதில் ஒருக்காத் திறந்து மாற்றி வைத்துவிட்டால் பழையது அதை அடையாளம் தெரியாது என்று கைவிரித்துவிடும். நான்தான் ஏழு தடவை ஆமாம் சொல்லியிருந்தேனே. ஏழையும் கேசட்டிலிருந்து முதலிலிருந்து ஏற்ற வேண்டியதாயிற்று. ஆடி மாதம் முழுக்கப் பகலில் அங்கேயே கிடந்தேன். அக்கா துண்டை விரித்துக்கொண்டு தட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து திரையில் இருப்பதைச் சொல்வேன்.

பல்லடத்துக் கல்யாணத்தின் தலைப்புக்கு வந்தோம்.

"இப்ப யாருங்க நிக்கறது?"

"மாப்பிள்ளைங்க."

"பக்கத்துல?"

"பொண்ணுதானுங்க."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேனுங்க்கா."

"சிரிக்குதுங்களா?"

பார்த்தேன். முந்நூறு கல்யாணம் எடுத்திருப்பேன், ஒரு பொண்ணு சிரிக்கிறதா என்று நான் நின்று பார்த்ததில்லை. லைட்டைப் பார்த்திருக்கிறேன், பேட்டரியைப் பார்த்திருக்கிறேன், பந்தி எப்போது என்று பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணுக்குக் கண் சொருகிக்கொண்டிருந்தது.

"தூங்கி வழியுதுங்க்கா."

"அப்ப இது வேண்டாமுங்க. சிரிக்கற எடம் தேடுங்க."

இரண்டு மணி நேரம் தேடினோம். ஒரே ஒரு இடத்தில்தான் சிரித்தது. அந்தப் பல்லடத்துத் தங்கை பின்னாலிருந்து குனிந்து காதில் ஏதோ சொல்ல, பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. எடுத்தது நான்தான், எடுத்த ஞாபகமே இல்லை. நம்பரைச் சொன்னேன். துண்டுக்கு அடியில் கீழ் அம்பைப் பதினொரு தடவை தட்டினார். சங்கு இல்லை, பழைய இதயம்தான். அந்த வீட்டிலிருந்து ஒரு குறையும் வரவில்லை.

இத்தோடு நான் நிறுத்திக்கொண்டால் நல்லவனாகிவிடுவேன். ஆவணி வந்தது. முகூர்த்தம் நெருக்கியடித்துக்கொண்டு வந்தது. முதலாளிக்குச் சங்கு வேண்டும், ஊருக்கும் சங்கு வேண்டும். பகல் முழுக்கக் கேமரா தூக்கிவிட்டு மறுநாள் பகலெல்லாம் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து யார் நிற்கிறது, யார் சிரிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. ஆர்.எஸ்.புரத்தில் புது வெர்ஷன் வைத்திருக்கும் ஒருவரிடம் கேசட்டுகளைக் கொடுக்கலாம் என்று முதலாளி சொன்னார். நான் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் கேட்டிருப்பார் என்று இப்போதும் தோன்றுகிறது.

அக்காவிடம் சொல்லத்தான் போனேன். ஒரு வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. அம்மா வாசலிலிருந்து கத்தினார், "அம்மணீ, கேமராத் தம்பி! வெள்ளைச் சட்டை! கையில ஒண்ணுங் கொண்டாருல!"

காப்பி வந்தது. கழுத்தளவில்.

"சீசன் டல்லுங்க்கா" என்றேன். "ஐப்பசிக்கு மேல பாக்கலாமுங்க."

வெளியே இரண்டு தெரு தள்ளி ஏதோ மண்டபத்தில் மேளம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அது இருவருக்கும் நன்றாகவே கேட்டது.

அக்கா கோபப்படவில்லை. கீபோர்டின் மேல் கிடந்த துண்டை எடுத்து நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"குனிஞ்சுட்டே சொல்றீங்க தம்பி. குரலு தரைக்குப் போகுது" என்றார். "ஒருக்கா என்னையப் பாத்துச் சொல்லுங்க."

டம்ளரை வைத்தேன். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, வாசற்படி இறங்கும் வரைக்கும் நான் தலையைத் தூக்கவில்லை. பின்னாலிருந்து அம்மாவின் சத்தம் கேட்டது.

"அம்மணீ, தம்பி போகுது!"